வாட்டம்

அறுவடை முடிந்த ஒரு தை மாதக் காலையில்தான் ரோஸி முதன்முதலாகக் காலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சம்பா அறுத்த வயலில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் ஒரு மயில். இப்போதெல்லாம் எங்கள் பக்கம் காக்கையைவிட மயில்தான் அதிகமோ என்று தோன்றும். ரோஸி துரத்தினாள், மயில் பறந்தது, இவள் வரப்பிலிருந்து வயலுக்குள் குதித்த இடத்தில் வீலென்று ஒரு சத்தம். வலது பின்னங்காலை மடக்கித் தூக்கியபடி மூன்று காலால் நொண்டிக்கொண்டு வந்து அப்பாவின் அருகில் உட்கார்ந்தாள். அடுத்த இரண்டரை மாதம் எங்கள் வீட்டில் எல்லாரும் அந்த மயிலைத்தான் திட்டினோம்.

மயில் மேல் குற்றமே இல்லை என்று பிறகு தெரிந்தது.

எங்கள் ஊர் தஞ்சாவூர் – மன்னார்குடி சாலையில் வடுவூரிலிருந்து கொஞ்சம் உள்ளே. ரோஸி லேப்ரடார், அப்போது ஆறு வயது. தம்பி சென்னையில் அடுக்குமாடி வீட்டில் குட்டியாக வாங்கி வளர்த்தான். ஐந்தாவது மாதமே கருத்தடை ஆபரேஷனும் செய்துவிட்டான். துபாயில் வேலை கிடைத்ததும், "ரெண்டு மாசம் வச்சிருங்கப்பா" என்று ஊரில் கொண்டுவந்து விட்டுப் போனான். அந்த இரண்டு மாதம் நாலு வருஷமாகிவிட்டது. அம்மா போனதும் அந்த வருஷம்தான். அதற்குப் பிறகு அப்பாவுக்கும் ரோஸிக்கும் எல்லாமே சேர்ந்துதான். காலை டீக்கு அவருக்கு இரண்டு பிஸ்கட், அவளுக்கு நாலு. அவர் சாப்பிடும் தயிர்சோற்றில் பாதி அவளுக்கு. சனிக்கிழமை பெருமாள் கோயில் பொங்கல், ஞாயிற்றுக்கிழமை மீன் தலை. போதாததற்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மிஞ்சிய இட்லியை மதில் மேலாகவே போட்டுவிடுவார்.

சுளுக்கு என்றுதான் நினைத்தோம். பெரியம்மா உப்பும் புளியும் கரைத்துக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் முட்டியில் பத்துப் போட்டார். ரோஸி அரை மணி நேரத்தில் அவ்வளவையும் நக்கிச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பது போல அவரைப் பார்த்தாள். அக்கா மகன் தன்னுடைய வலி மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாம் என்றான். நல்லவேளை, கொடுக்கவில்லை. மனிதர்கள் சாதாரணமாக விழுங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். (இந்த டைக்ளோஃபினாக்கை மாட்டுக்குப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள்தான் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். வீட்டில் மாத்திரை டப்பா வைத்திருப்பவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு நாய்க்கு மருத்துவம் பார்க்கவும்.)

பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் முட்டியை அமுக்கிப் பார்த்து, "சுளுக்குதான்" என்று ஊசி போட்டு அனுப்பினார். நாலு நாளில் ரோஸி காலை ஊன்றினாள். பத்தாம் நாள் மறுபடி நொண்டினாள். மறுபடி ஊசி, மறுபடி சரியானது. அப்புறம் மறுபடி. உண்ணி அதிகமுள்ள ஊர் இது, உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலிக்கும் என்று ரத்தமும் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. அவர் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் இப்போது இல்லை. தொடைத் தசை கெட்டியான பெரிய நாய், பயத்தில் உடம்பை விறைத்துக்கொண்டு நிற்கும்போது இந்த வியாதி கைக்கு அகப்படாமல் போவது சகஜமாம்.

மாசியில் இன்னொன்று கவனித்தோம். கவனித்தோம் என்ன, அப்பா கேட்டார். புயலுக்குப் பிறகு வீட்டைச் செப்பனிட்டபோது தம்பி பணம் அனுப்பி, பழைய சிவப்புத் தரையை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டான். கஜா புயல், 2018 நவம்பர். அந்த டைல்ஸில் ராத்திரி ரோஸி நடக்கும்போது நகச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் வந்தது. டொக். நாலைந்து அடிக்கு ஒரு டொக். அப்பா முப்பத்தோரு வருஷம் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். மதகு ஷட்டர் ஏற்றுவது, இறக்குவது, அளவு குறிப்பது, ராத்திரியில் கரையைச் சுற்றி வருவது. ஷட்டருக்கு அடியில் கட்டை சிக்கினால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். "மூட்டுக்குள்ள என்னமோ மாட்டி மாட்டி விடுது" என்றார். எனக்குக் கேட்கக்கூட இல்லை.

பங்குனியில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். அந்தக் கல்லூரி 2012-இல் வந்தது. அதற்கு முன்பென்றால் டெல்டாவிலிருந்து நாமக்கல்லுக்கோ சென்னை வேப்பேரிக்கோதான் ஓட வேண்டும். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி, இரண்டு ஆடு, பின்னால் துண்டில் சுற்றிய ஒரு சேவல். இளவயது மருத்துவர், பெண். ரோஸியைத் தொடுவதற்கு முன்பே, "கொஞ்ச நேரம் சும்மா விடுங்க, உக்காரட்டும்" என்றார். ரோஸி உட்கார்ந்தாள். வலது காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிப்போட்டு, எப்போதும் உட்காருவது போலத்தான்.

"எப்பவும் இப்படித்தான் உக்காருமா?"

"ஆமா டாக்டரம்மா, சொகுசா உக்காருவா" என்றார் அப்பா.

"எத்தனை நாளா ஐயா?"

அப்பா யோசித்தார். நானும் யோசித்தேன். என் போனைத் திறந்து பழைய படங்களைத் தள்ளினேன். தீபாவளிப் படத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ஆடிப்பெருக்கன்று எடுத்த படத்திலும் அப்படித்தான். அந்தப் படத்தைப் போன வருஷம் தம்பிக்கு அனுப்பி, "பார், மகாராணி" என்று எழுதியிருந்தேன்.

முட்டி மடக்க வலிக்கும் நாய் அப்படித்தான் உட்காருமாம்.

மயக்க ஊசி போட்டுத் தசை தளர்ந்த பிறகு, மருத்துவர் ஒரு கையால் தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னால் தள்ளினார். மேசை இழுப்பறை திறப்பது போல அது முன்னே வந்தது. டிராயர் டெஸ்ட் என்றே இதற்குப் பெயர். முட்டிக்குள் இந்த இரண்டு எலும்பையும் பிணைத்திருக்கும் ஜவ்வு சரியாக இருந்தால் அசையாது. பிறகு இரண்டு முட்டியையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது, அதன் விளைவுகள் தெரியும். வலது முட்டியில் நீர் கோத்திருந்தது, எலும்பின் ஓரமெல்லாம் சின்னச் சின்ன முள்ளாகத் துருத்தியிருந்தது. அது பரவாயில்லை, எதிர்பார்த்ததுதான். இடது முட்டியைக் காட்டினார். அதிலும் கொஞ்சம் நீர், அதிலும் முள் தொடங்கியிருந்தது.

"இந்தக் காலுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றேன்.

"இன்னும் ஆகல" என்றார்.

மயில் விடுதலையான இடம் இதுதான். மனிதர்களுக்கு இந்த ஜவ்வு கிழிவது பெரும்பாலும் விபத்து. எங்கள் பக்கம் கபடி என்றால் உயிர். அக்கா மகனுக்கே ஒரு மேட்சில் கால் பிரண்டு ஏசிஎல் என்கிற இதே ஜவ்வு போயிற்று. டப்பென்று கேட்டது என்பான். ஒரு கணத்தில் நடந்தது. நாய்க்குப் பெரும்பாலும் அப்படியில்லை. கிணற்றுக் கயிறு உருளையில் உரசி உரசி இழை இழையாகப் பிரிவது போல மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், ஜவ்வு நைந்துகொண்டே வருகிறது. கடைசி இழை அறுகிற அன்று நாய் எதையாவது துரத்திக்கொண்டிருக்கும். பழி அதன் மேல் விழும். ஏன் நைகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. லேப்ரடார், ராட்வீலர், நியூஃபவுண்ட்லாந்து போன்ற இனங்களுக்குப் பரம்பரையாகவே அதிகம். ஒல்லியான கிரேஹவுண்டுக்கு அரிது. பெரிய இன நாய்களுக்கு மிகச் சின்ன வயதில் கருத்தடை செய்வதும் ஆபத்தைக் கூட்டுகிறது. உடல் பருமன் நிச்சயமாக ஒரு காரணம். எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்த நாய்கள் எதுவும் இப்படி முட்டி போய் நான் பார்த்ததில்லை. அவற்றுக்கு யாரும் பாதித் தயிர்சோறு கொடுத்ததில்லை.

அதன் பிறகு மருத்துவர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். நம் முட்டிக்குள்ளும் நாயின் முட்டிக்குள்ளும் இரண்டு ஜவ்வுகள் பெருக்கல் குறி போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அறுந்தது முன் ஜவ்வு. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துவைத்திருப்பது அது. வித்தியாசம் என்னவென்றால், நாம் முட்டியை நேராக வைத்து நிற்கிறோம், நாய் எப்போதும் முட்டியை மடக்கியே நிற்கிறது. கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் பின்பக்கம் சரிந்திருக்கிறது. நமக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் 10 டிகிரிக்குள். நாய்க்கு 20-லிருந்து 30 வரை. ரோஸிக்கு 27. அதாவது அவள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தொடை எலும்பு அந்தச் சரிவில் பின்னால் வழுக்கப் பார்க்கிறது. அந்த வழுக்கலைத் தடுத்துத் தடுத்தே ஜவ்வு நைகிறது.

"அப்ப ஜவ்வைத் தைச்சிடலாமா?" என்று கேட்டேன்.

தைப்பதில்லையாம். நைந்த கயிற்றில் தையல் நிற்காது. 1952-இல் ஃபின்லாந்தில் பாட்ஸாமா என்ற கால்நடை மருத்துவர் தொடைத் தசையின் மேலுறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, எலும்பில் துளைபோட்டு நுழைத்துப் புது ஜவ்வாகக் கட்டிப் பார்த்தார். அதன் பிறகு மூட்டுக்கு வெளியே கெட்டி நைலான் இழையால் கட்டும் முறை வந்தது. மீன்பிடித் தூண்டிலுக்கு உள்ள நைலான்தான் அது. சின்ன நாய்களுக்கு அது இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. 15 கிலோவுக்கு உட்பட்ட நாய் என்றால் ஆபரேஷனே இல்லாமல், கட்டிப்போட்டு, எடை குறைத்துத் தேற்றவும் பார்க்கலாம். பெரிய நாய்களுக்கு மருத்துவர்கள் அதிகம் பரிந்துரைப்பது டிபிஎல்ஓ. அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் இருந்த பார்க்லே ஸ்லோகம் என்ற அறுவை மருத்துவர் 1993-இல் எழுதி வெளியிட்ட முறை. கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதியை வளைந்த ரம்பத்தால் பிறைபோல அறுத்து, அந்தத் துண்டைச் சுழற்றி, சரிவை 5 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்து, தகடு வைத்து ஸ்குரூ போட்டு இறுக்கிவிடுகிறார்கள். 24 மில்லிமீட்டர் ரம்பமென்றால் ரோஸிக்குச் சுழற்ற வேண்டியது 9 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஜூரிச்சில் 2002 வாக்கில் உருவான டிடிஏ என்று இன்னொரு முறையும் இருக்கிறது; அதில் முழங்கால் சில்லின் நாண் ஒட்டியிருக்கும் எலும்பை முன்னால் நகர்த்துவார்கள். அதை மருத்துவர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார், நானும் அப்படியே விடுகிறேன்.

நான் பாதி புரிந்தும் புரியாமலும் நின்றேன். அப்பா அந்தத் தாளை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப கயித்த கட்டல. வாட்டத்த மாத்துறீங்க."

மருத்துவர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். "அதேதான் ஐயா."

டெல்டாவில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் பூமி. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாறும் வெட்டாறும் வடவாறுமாகப் பிரிந்து, கடைமடை வரை போவது கண்ணுக்கே தெரியாத ஒரு சரிவில். அந்தச் சரிவைத்தான் வாட்டம் என்போம். கரை உடைப்பெடுத்தால் சாக்கில் மண் கட்டி அடைப்பார்கள். அதே இடத்தில் மறுபடி மறுபடி உடைத்தால் அப்பா மாதிரி ஆட்கள் கரையைப் பார்க்கமாட்டார்கள், தரையைப் பார்ப்பார்கள். வாட்டம் எங்கே தப்பியிருக்கிறது என்று. ஆபரேஷன் என்றாலே பயப்படுகிற மனிதர், எலும்பை அறுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும், அன்று காரில் திரும்பி வரும்போது அமைதியாகிவிட்டார். வேலை புரிந்துவிட்டது அவருக்கு.

பணம்தான் பாக்கி. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கேட்டதில் எல்லாம் சேர்த்து லட்சத்தை ஒட்டி வந்தது. "இந்தக் காசுக்கு ரெண்டு கறவை மாடு வாங்கிக் கட்டலாமே" என்றார் பெரியம்மா. அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் தெருவில் தன் முட்டி வலிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள். அதில் பெரியம்மாவும் ஒருவர். இதற்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை. தம்பி பாதி அனுப்பினான், மீதியை நான் போட்டேன். ஊரில் யார் கேட்டாலும் உண்மைத் தொகையில் பாதியைத்தான் சொன்னோம். அதற்கே அப்படிப் பார்த்தார்கள்.

சித்திரையில் ஆபரேஷன். வாடகைக் காரில் பின்சீட்டை மடக்கிப் பாய் விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். மூட்டைத் திறந்து பார்த்ததில், எலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸின் உள்பக்கமும் கிழிந்து சுருண்டிருந்ததாம். ஜவ்வு இல்லாத மூட்டில் எலும்பு முன்னும் பின்னும் அரைக்கும்போது இது நசுங்கிக் கிழியும். கிழிந்ததை வெட்டி எடுத்துவிட்டார்கள். அப்பா கேட்ட டொக் அதுதான். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்ததை நான் பார்த்தேன்.

அறுவை மருத்துவர் இரண்டு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். ஏற்கெனவே வந்துவிட்ட மூட்டுத் தேய்மானத்தை ஆபரேஷன் அழிக்காது. வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். இரண்டாவது, ஒரு காலில் வந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மறு காலிலும் வரும். எக்ஸ்ரேயில் அறிகுறி தெரிகிற ரோஸிக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஆபரேஷன் ஒரு நாள் கதை. அதற்குப் பிந்தைய எட்டு வாரம்தான் உண்மையான கதை. அறுத்த எலும்பு கூடும்வரை ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, படி ஏறக்கூடாது. வெளியே போவதற்கு மட்டும் கயிற்றில் ஐந்து நிமிஷம். கன்றுக்குட்டி கட்டும் கொட்டிலின் ஒரு மூலையில் மூங்கில் தட்டி வைத்து அடைத்தோம். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனல் மூன்றாம் நாளே தட்டியில் மோதி உடைந்தது. அப்பா ஒரு பழைய வாளியின் அடியை வட்டமாக அறுத்து, ஓரத்தில் துணி சுற்றி மாட்டிவிட்டார். வாளிக்குள்ளிருந்து ரோஸி உலகத்தைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. வீட்டுக்குள்ளே டைல்ஸ் முழுக்கச் சணல் சாக்கு விரித்தோம். நெல் பிடிக்கிற சாக்கு. வழுக்காத தரை வேண்டும் என்றுதான் டாக்டர் சொன்னார். லட்சம் செலவழித்துப் போட்ட டைல்ஸ் நாலு மாதம் சாக்குக்கு அடியில் கிடந்தது. வருகிறவர்களெல்லாம் "கொள்முதலா?" என்று கேட்டார்கள்.

ஒன்றுக்கு அழைத்துப்போக அப்பாவின் துண்டுதான். வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரண்டு முனையையும் மேலே தூக்கிப் பிடித்தால் பின்னங்காலில் பாரம் விழாது. எழுபத்து நாலு வயதில், விடியற்காலை இருட்டில், தோளில் போட வேண்டிய துண்டை நாய்க்குக் கட்டிக்கொண்டு குனிந்தபடி அவர் நடந்த நடையைப் பார்த்தால், யாருக்கு முட்டி ஆபரேஷன் என்றே தெரியாது. "நான் பிடிக்கிறேம்ப்பா" என்றால், "நீ ஒரு பக்கமா தூக்குற, அவளுக்கு சாயுது" என்பார்.

இதில் கஷ்டமானது கொட்டிலும் இல்லை, துண்டும் இல்லை. சோறு.

ஆபரேஷனுக்கு முன்னால் எடை பார்க்க ஊரில் நாய்க்கான தராசு ஏது? நெல் கொள்முதல் நிலையத்தில் சுமைப்பணிக்காரர்கள் சிரித்துக்கொண்டே மூட்டைத் தராசில் ஏற்றினார்கள். 41 கிலோ. ஒரு சிப்பம் நெல் 40 கிலோ. "ஒரு சிப்பத்துக்கு ஒரு கிலோ கூட இருக்குய்யா, கழிச்சுடவா?" என்றார் ஒருவர். முப்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவள். பத்துக் கிலோ என்பது என்ன என்று அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. அவரே கால் சிப்பம் என்று கணக்குப் போட்டுக்கொண்டார். அதைத்தான் அந்த 27 டிகிரிச் சரிவில் அவள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள்.

பிஸ்கட் நின்றது. தயிர்சோறு நின்றது. அளந்து போட்ட தீனி, வேகவைத்த பூசணிக்காய், கொஞ்சம் கோழி. பெரியம்மாவிடம் மதில் இட்லி வேண்டாம் என்று சொல்லப்போனபோது, "வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுறீங்களே" என்று இரண்டு வாரம் பேசவில்லை. அப்பா இலையில் உட்காரும்போது ரோஸி தட்டிக்குள்ளிருந்து பார்ப்பாள். அவர் முதலில் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு உள்ளே போய்ச் சாப்பிட்டார். ஒரு நாள் பார்த்தால் காலை டீயோடு அவரும் பிஸ்கட் எடுக்கவில்லை. "வேணாம்மா, தனியா என்னாத்துக்கு" என்றார். அம்மா இறந்த பிறகு அவர் தனியாக உட்கார்ந்து எதையும் சாப்பிட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிஸ்கட் அவளுக்காகக் கொடுக்கப்பட்டதே இல்லை.

ஆனி பிறக்கும்போது எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு கூடிவிட்டது. சரிவு அளந்ததில் 6 டிகிரி, போதும் என்றார்கள். எடை 35. அந்த வாரம் மேட்டூர் திறந்திருந்தார்கள், அந்த வருஷம் சொன்ன தேதியிலேயே, ஜூன் 12. நடையைப் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் என்று வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டினோம். தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தபோது ரோஸியும் வாய்க்கால்கரை வரை வரத் தொடங்கியிருந்தாள். தொடைத் தசை இன்னும் வலது பக்கம் மெலிந்துதான் இருந்தது.

ஆடியில் ஒரு காலை நானும் கூடப் போனேன். குறுவை நட்ட வயல். எதிர்க்கரையில் மூன்று மயில்கள், ஒன்று தோகை விரித்துக்கொண்டு. ரோஸி நின்றாள், காது முன்னால் வந்தது, கயிறு ஒரு முறை விறைத்தது. பிறகு, முன்பு ஒருபோதும் செய்யாத காரியமாக, உட்கார்ந்துவிட்டாள். நான் மயிலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா அவளுக்குப் பின்னால் போய்க் குனிந்து, முதலில் வலது பக்கம் பார்த்தார், அப்புறம் இடது பக்கம் வந்து கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார்.

"மடக்கித்தான் உக்காந்திருக்கா" என்றார். "வா, போவலாம்."